கப்பலின் விலாவில் ஒரு கோடு

சென்ற கோடை விடுமுறையில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது இது. என் தம்பி மாலுமிப் பயிற்சியை முடித்துவிட்டு, முதற் கப்பல் எப்போது கிடைக்கும் என்று காத்திருந்தான். பொழுது போகாமல் என் வெப்ப இயக்கவியல் குறிப்பேட்டைப் புரட்டியவன், ஓர் இடத்தில் விரலை வைத்து, எங்கள் கப்பல் குறி உன் வேதியியலுக்குள் எப்படி வந்தது என்று கேட்டான்.

அவன் விரல் நின்ற இடத்தில் ஒரு சிறு வட்டமும், அதைக் குறுக்கே வெட்டி இருபுறமும் சற்று நீண்ட ஒரு கோடும் இருந்தன. ஒரு பொருளின் திட்ட நிலையைக் காட்ட நாங்கள் எழுத்தின் தலைமேல் இடும் குறி அது. ஒரு பார் அழுத்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நிலையிலிருந்து அளந்தால்தான் ஒருவர் கண்ட அளவு மற்றவருக்குப் பயன்படும். அந்த ஒப்புதலின் அடையாளமே அக்குறி. நாலு ஆண்டுகளாக அதை எழுதிவருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு கடலை நோக்கித் திரும்பிவிட்ட தம்பி கேட்டான்.

விடுமுறை முடிந்து இந்த யமுனைக் கரைக்குத் திரும்பியதும் பல்கலைக்கழக நூலகத்தில் தேடினேன். வேதியியலார் அக்குறியைப் பிளிம்சால் என்ற பெயராலேயே அழைப்பதுண்டு என்று கண்டேன். பெயருக்குரியவர் வேதியியலாரும் அல்லர், மாலுமியும் அல்லர், நிலக்கரி வியாபாரி. அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது, உலக நாடுகளின் வணிகக் கப்பல் கொள்ளளவைப் பற்றி நாம் செய்தித்தாளில் காணும் பெரிய பெரிய எண்களுக்கெல்லாம் அடியில் இந்த ஒரு மனிதருடைய கோபம் கிடக்கிறது என்று உணர்ந்தேன். அவரைப் பற்றி நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாமுவேல் பிளிம்சால் 1824-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை சுங்க வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், பெரிய குடும்பம். சாமுவேல் வளர்ந்தது பென்ரித் என்ற சிற்றூரிலும், பிறகு எஃகுக்குப் பேர்போன ஷெப்பீல்டிலும். பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு ஒரு பீர் வடிக்கும் தொழிற்சாலையில் குமாஸ்தாவாகி, அங்கேயே மானேஜராக உயர்ந்தார். கல்லூரிப் படிப்பு என்ற ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

1853-இல் சொந்தமாக நிலக்கரி வியாபாரம் செய்யலாம் என்று லண்டனுக்கு வந்தார். வியாபாரம் முறிந்தது, கையில் இருந்ததெல்லாம் போயிற்று. ஏழைத் தொழிலாளர்கள் இரவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் படுக்கும் பொதுச் சத்திரங்களில், வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளைக் கொண்டு நாள் கழிக்க நேர்ந்தது. வேலையில்லாதவனுக்கு வேலையுள்ளவன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பதையும், நோயாளியின் பங்கு வேலையை மற்றவர்கள் ஏற்பதையும் அங்கே கண்டார். படித்தவர்கள் இழிவாக நினைத்த மனிதர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்பதை அவர் கற்றது அந்தச் சத்திரத்தில்தான். பின்னாளில் பெரும் செல்வரான பிறகும் இதை மறைக்கவில்லை. தம் நூலிலேயே எழுதிவைத்தார்.

நிலக்கரியே அவரை மீண்டும் தூக்கிவிட்டது. ரயில் வண்டியிலிருந்து நிலக்கரியைக் கொட்டும்போது கட்டிகள் உடைந்து தூளாகும். தூளுக்கு விலை இல்லை. உடையாமல் இறக்கும் ஓர் ஏற்பாட்டை அவர் கண்டுபிடித்து, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தருகே பெரிய அளவில் தொழில் நடத்தினார். செல்வம் சேர்ந்தது. 1868-இல் லிபரல் கட்சியின் சார்பில் டார்பி நகரிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44.

அன்றைய பிரிட்டனின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். உலகத்தில் எந்த நாட்டுக்கும் அவ்வளவு பெரிய வணிகக் கடற்படை இல்லை. 1870-இல் பிரிட்டனில் பதிவான கப்பல்களின் கொள்ளளவு ஏறக்குறைய 57 லட்சம் நெட் டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் பாய்மரக் கப்பல்கள். எஞ்சியவை நீராவிக் கப்பல்கள். நிலக்கரி, இரும்பு, தானியம், பஞ்சு, மரம் எல்லாம் அவற்றில்தான் உலகைச் சுற்றின. நாட்டின் பெருமை எது என்று கேட்டால், அந்த டன் கணக்கைத்தான் எல்லோரும் காட்டினார்கள்.

ஆனால் அந்தக் கணக்குக்குள் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லையே கிடையாது. பதிவேட்டில் எழுதும் டன் எடையைக் குறிப்பதன்று. உள்ளறைகளின் கன அளவைக் குறிப்பது. முற்காலத்தில் ஒயின் பீப்பாய்களை எண்ணிக் கப்பலை அளந்த வழக்கத்திலிருந்து வந்தது அச்சொல். 1854 சட்டப்படி நூறு கன அடி இடம் ஒரு டன். அந்த இடத்தில் பஞ்சை அடைத்தாலும் ஒரே டன், இரும்பை அடைத்தாலும் ஒரே டன். இரும்பை அடைத்தால் கப்பல் எவ்வளவு தாழும் என்பதைக் கேட்பாரில்லை.

முதலாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், கப்பலின் தேய்மானம் எல்லாம் ஏறக்குறைய ஒரே செலவு. ஆகையால் கடைசியாகத் திணிக்கும் நூறு டன் சரக்கின் கூலியில் பெரும் பகுதி லாபமாகவே நிற்கும். கப்பல் மூழ்கிவிட்டால்? அதற்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பழங்கப்பலை அதன் விலைக்கு மேலும் இன்ஷூர் செய்யலாம். லண்டனில் ஒரு கப்பலின் இன்ஷூரன்ஸைப் பல பேர் ஆளுக்கொரு சிறு பங்காக ஏற்றுக்கொள்வது வழக்கம். நஷ்டம் ஆளுக்குச் சிறிது. அதற்காக வழக்காடித் துப்புத் துலக்க எவருக்கும் மனம் வராது. நல்ல கப்பல் வைத்திருப்பவனைவிட ஓட்டைக் கப்பல் வைத்திருப்பவன் பயமின்றித் தூங்கலாம் என்ற நிலை.

மாலுமியின் பக்கமோ வேறு. கப்பலைக் கண்ணால் காணுமுன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணம் வாங்கியிருப்பான். துறைமுகத்தில் வந்து பார்த்து, இது மூழ்கும் கப்பல், ஏறமாட்டேன் என்றால் ஒப்பந்தத்தை மீறிய குற்றம்; சிறை. இப்படிச் சிறைக்குப் போனவர்கள் பல நூற்றுவர். சிறைக்குப் போனவன் உயிரோடாவது இருந்தான். போகாதவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை. இத்தகைய கப்பல்களுக்கு மக்கள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதற்கு வழி சொன்னவர் பிளிம்சால் அல்லர். நியூகாசில் பக்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளியே 1860-களில் இந்த அநியாயத்தை எடுத்துக்காட்டி, கப்பலின் விலாவில் ஏற்றுமதியின் எல்லையைக் காட்டும் கோடு வேண்டும் என்று வாதாடினார். எல்லா முதலாளிகளும் கெட்டவர்கள் அல்லர் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் ஹாலின் குரல் வியாபாரிகளின் கூட்டத்தோடு நின்றது. அதைக் கேட்டு, பார்லிமெண்டுக்குள் கொண்டுவந்து, நாட்டின் தெருவுக்கெல்லாம் கொண்டுபோனவர் பிளிம்சால்.

அவர் முதலில் மசோதா கொண்டுவந்தார், தோற்றது. பார்லிமெண்டில் கப்பல் முதலாளிகள் பலர் அங்கத்தினர்களாக இருந்தார்கள். உடனே அவர் மக்களிடம் போவது என்று முடிவு செய்தார். 1873-இல் நம் மாலுமிகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். கப்பல் மூழ்கிய இடங்களைக் காட்டும் படங்கள், பத்திரங்களின் நகல்கள், அட்டவணைகள், இடையிடையே விதவைகளின் வீட்டுக்குப் போய்க் கண்ட காட்சிகள் என்று அமைந்த நூல் அது. முதுகெலும்பு பலப்படுத்தப்படாமல் நடுவில் வெட்டி நீட்டப்பட்ட கப்பல்கள், இரும்பு ஆணிக்குப் பதில் தலை மட்டும் வைத்து ஏமாற்றிய போலி ஆணிகள் ஆகியவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னார்.

அந்நூல் குறையற்றதன்று. கேட்டதையெல்லாம் சரிபார்க்காமல் எழுதிய இடங்கள் இருந்தன. முதலாளிகள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். சிலவற்றில் அவர் மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் வளரும் நமக்கு இது உறுத்தும். சான்று இல்லாத ஒரு வரி, சான்றுள்ள பத்து வரிகளைக் கெடுத்துவிடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் நாடு விழித்துக்கொண்டது. அரசாங்கம் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. அதே 1873-இல் அபர்தீன் நகரத்துக் கம்பெனி ஒன்று தான் கட்டிய புதிய பாய்மரக் கப்பலுக்கு சாமுவேல் பிளிம்சால் என்றே பெயர் சூட்டியது. நேர்மையான முதலாளிகள் அவருக்குப் பயப்படவில்லை.

கமிஷன் 1874-இல் அறிக்கை தந்தது. ஆபத்து உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும் ஒரு சுமைக்கோட்டைச் சட்டத்தால் விதிக்க முடியாது என்றது. கப்பல் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், சரக்கு ஒவ்வொன்றும் ஒரு தன்மை என்பது காரணம். வெளியே முதலாளிகள் சொன்ன காரணம் இன்னும் பெரியது. பிரிட்டிஷ் கப்பல் குறைவாக ஏற்றினால், அந்தச் சரக்கை அந்நியக் கொடி பறக்கும் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். உலகின் முதற் கடற்படை இரண்டாவதாகிவிடும் என்றார்கள். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இதற்கு மீண்டும் வருவோம்.

1875-இல் அரசாங்கமே ஒரு கப்பல் மசோதாவைக் கொண்டுவந்தது. அது பிளிம்சால் விரும்பிய அளவு வலுவானதன்று. இருந்தாலும் ஏதோ ஒன்று. ஜூலை 22-ஆம் நாள், பிரதமர் டிஸ்ரேலி எழுந்து, விவசாய நிலங்களைப் பற்றிய மசோதாவுக்கு நேரம் வேண்டியிருப்பதால் கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தார்.

பிளிம்சாலுக்கு அந்த அறிவிப்பின் பொருள் தெரியும். இன்னொரு குளிர்காலம் வரும். சுமை மீறிய கப்பல்கள் வட கடலுக்கும் அட்லாண்டிக்குக்கும் புறப்படும். இன்னும் சில நூறு பேர் இறப்பார்கள். அவர் இருக்கையை விட்டு எழுந்து சபையின் நடுவே வந்து நின்றார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் கயவர்களின் முகத்திரையைக் கிழிப்பேன் என்று கூவினார். சபையில் இருந்த ஓர் அங்கத்தினரின் பெயரையே சொல்லி, மூழ்கிய அவருடைய கப்பல்களைப் பற்றிக் கேட்கப் போவதாக அறிவித்தார். சொல்லைத் திரும்பப் பெறும்படி சபாநாயகர் கட்டளையிட்டபோது மறுத்தார்; சபாநாயகரை நோக்கி முஷ்டியை ஆட்டினார். பார்லிமெண்டு மரபைப் போற்றும் அந்நாட்டில் இது கேள்விப்படாத அபசாரம். நண்பர்கள் அவரை வெளியே அழைத்துச் சென்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர் சபைக்கு வந்து, பயன்படுத்திய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கூறிய உண்மைகளைத் திரும்பப் பெறவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நாடு மாறிவிட்டது. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் குவிந்தன. அவருடைய மனைவி இலைசா இப்போராட்டம் முழுவதிலும் உடன் நின்றவர். மரபு மீறிய மனிதரைத் தண்டிக்க வந்த அரசாங்கம், அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டமும், 1876-இல் நிலையான வணிகக் கப்பல் சட்டமும் நிறைவேறின. ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலின் விலாவிலும் வட்டமும் கோடும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது.

ஆனால் கோடு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதை முதலாளியே தீர்மானிக்கலாம்! கார்டிப் துறைமுகத்தில் ஒரு காப்டன் அக்கோட்டைக் கப்பலின் புகைபோக்கியில் தீட்டிவிட்டதாக ஒரு கதை உண்டு. கோடு வந்தது, எல்லை வரவில்லை. இந்த நிலை பதினான்கு ஆண்டுகள் நீடித்தது.

இந்த இடத்தில்தான், ஒரு விஞ்ஞான மாணவன் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. கோபம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. இனி கணக்கு வர வேண்டும். லாயிட்ஸ் பதிவகத்தின் தலைமை சர்வேயரான பெஞ்சமின் மார்டெல் அந்தக் கணக்கைப் போட்டார். ஒரு கப்பல் மிதக்க வேண்டுமானால் அது தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்க வேண்டும் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்து உண்மை. ஆனால் அலை மேலே ஏறி அடிக்கும்போதும், சிறிது நீர் உள்ளே புகும்போதும் கப்பல் தாங்க வேண்டுமானால், நீர்மட்டத்துக்கு மேலே இன்னும் மூழ்காத, நீர் புகாத உடற்பகுதி போதிய அளவு இருக்க வேண்டும். மிதப்பாற்றலின் சேமிப்பு என்று அதைச் சொல்லலாம். கப்பலின் நீளம், ஆழம், வடிவம், மேல்தளக் கட்டடங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு உயரம் நீருக்கு மேல் நிற்க வேண்டும் என்று அவர் அட்டவணை வகுத்தார். முடியாது என்று ராயல் கமிஷன் சொன்னது, பொறுமையாக அளந்தால் முடியும் என்று தெரிந்தது.

அரசாங்கக் குழு ஒன்று 1885-இல் அந்த வழியை ஏற்றது. 1890-ஆம் ஆண்டுச் சட்டம், அட்டவணைப்படியே கோடு போடப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முஷ்டியை ஆட்டிய நாளிலிருந்து கோடு சரியான இடத்தில் நிற்கும் நாள்வரை பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அந்த ஒரே கோட்டோடு துணைக் கோடுகளும் சேர்ந்தன. கடல் நீர் நன்னீரைவிட அடர்த்தி மிகுந்தது. 40,000 டன் எடையுள்ள கப்பல் நன்னீரில் 40,000 கன மீட்டர் நீரை விலக்கும்; அடர்த்தி 1.025 உள்ள கடல் நீரில் ஏறக்குறைய 39,024 கன மீட்டர் போதும். ஆகவே ஆற்றுத் துறைமுகத்தில் சற்றுத் தாழ்ந்து நிற்கும் கப்பல், கடலுக்குப் போனதும் தானே உயரும். அதற்காக நன்னீர்க் கோடு. குளிர்காலக் கடல் கொந்தளிப்பது. அதற்குக் கோடைக் கோட்டுக்குக் கீழே ஒரு கோடு. வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்துக்கு இன்னும் கீழே ஒன்று. இந்தியக் கடல்களின் அமைதியான பருவத்துக்கென்று இந்தியக் கோடை என்றே ஒரு கோடு அப்போது இருந்தது. இன்று அதன் இடத்தில் வெப்ப மண்டலக் கோடு நிற்கிறது. வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர். அதை வெட்டும் கோட்டின் நீளம் 450 மில்லிமீட்டர். தூத்துக்குடித் துறைமுகத்தில் சிறுவயதில் எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் முத்திரை என்று நினைத்திருந்தேன்!

பிளிம்சாலின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880 தேர்தலில் டார்பி மீண்டும் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது உள்துறை மந்திரியான ஹார்கோர்ட், மறு தேர்தலில் தம் தொகுதியை இழந்திருந்தார். மந்திரியாக இருப்பவர் மாலுமிகளுக்கு அதிகம் செய்ய முடியும் என்று நம்பி, பிளிம்சால் தம் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அந்த நம்பிக்கை முழுதும் நிறைவேறவில்லை. அவர் மறுபடி பார்லிமெண்டுக்குள் நுழையவும் இல்லை. 1882-இல் இலைசா ஆஸ்திரேலியாவில் காலமானார். பிளிம்சால் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். மாலுமிகளின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். கால்நடைகளைக் கப்பலில் அடைத்து ஏற்றும் கொடுமையை எதிர்த்து 1890-இல் மற்றொரு நூல் எழுதினார். 1898 ஜூன் 3-ஆம் நாள் போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் உயிர் நீத்தார். 1929-இல் மாலுமிகளின் சங்கம் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது.

இனி முதலாளிகளின் வாதத்துக்கு வருவோம். கோடு போட்டால் பிரிட்டனின் கடற்படை சுருங்கும் என்றார்கள் அல்லவா? நடந்தது என்ன? 1870-இல் 57 லட்சமாக இருந்த நெட் டன் கணக்கு 1890-இல் ஏறக்குறைய 80 லட்சமாயிற்று. 1900-இல் 93 லட்சத்தை எட்டியது. பாய்மரம் குறைந்து, அதைவிடப் பன்மடங்கு வேலை செய்யும் நீராவி பெருகியது. 1914-இல் உலக நீராவிக் கப்பல் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிரிட்டனுடையது. இரண்டாவதாக வந்த ஜெர்மனி வெகு தொலைவில் நின்றது. வளர்ச்சிக்குக் கோடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எஃகு, சிக்கனமான எஞ்சின், 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் ஆகியவை காரணம். கோடு அதைத் தடுக்கவில்லை என்பதே என் கருத்து. மாலுமியின் உயிரைக் காத்தால் நாட்டின் வாணிபம் அழியும் என்ற அச்சம் பொய்யாயிற்று.

அந்நியப் போட்டி என்ற பேச்சில் ஓர் உண்மையும் இருந்தது. அதற்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டம் வழி கண்டது. பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வரும் அந்நியக் கப்பலும் சுமைக்கோட்டு விதிக்கு உட்பட வேண்டும் என்றது. அதே சமயத்தில் அட்டவணைகள் திருத்தப்பட்டு, பல கப்பல்கள் முன்னைவிடச் சற்று ஆழமாக ஏற்ற இடம் கிடைத்தது. புதிய கப்பல் ஒன்றும் கட்டாமலே, வண்ணத் தூரிகையால் கோட்டை உயர்த்தியே, ஒரு நாட்டின் கப்பற் கொள்ளளவைக் கூட்டிவிடலாம்! மாலுமிகள் தரப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கப்பல்கள் வலுப்பட்டுவிட்டன என்பது மந்திரிகளின் பதில். இந்த இழுபறி இருக்கும்வரை கோடு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

1930-இல் சுமைக்கோடு உலக உடன்படிக்கையாயிற்று. 1966 ஏப்ரல் 5-ஆம் நாள் புதிய உடன்படிக்கை லண்டனில் ஏற்கப்பட்டது. அதே ஏப்ரல் 5-ஐத்தான் நம் நாடு தேசியக் கடல் வாணிப நாளாகக் கொண்டாடுகிறது. 1919-இல் அந்நாளில் சிந்தியா கம்பெனியின் லாயல்டி என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. இரண்டு நாள்களும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆனால் எனக்கு மகிழ்ச்சி தந்த தற்செயல்.

கடலாட்சியின் வரிசை இதற்குள் தலைகீழாக மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,700-க்கு மேல் லிபர்ட்டிக் கப்பல்களைக் கட்டிக் குவித்தது. 1960-களின் பிற்பகுதியில் லைபீரியாவின் கொடி பிரிட்டனின் கொடியை முந்தியது. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 227 கோடி டெட்வெயிட் டன். சொந்தக்காரர்களைப் பார்த்தால் கிரீஸ், சீனா, ஜப்பான் என்ற வரிசை. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. பறக்கும் கொடியைப் பார்த்தால் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள். மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். பிரிட்டனின் கொடி முதல் பத்தில் இல்லை. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. ஆனால் மாலுமிகளை அதிகமாக அனுப்பும் ஐந்து நாடுகளில் இந்தியா ஒன்று.

டெட்வெயிட் டன் என்றேனே, அது என்ன? சரக்கு, எரிபொருள், குடிநீர், மாலுமிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கப்பல் தாங்கக்கூடிய எடை அது. எதுவரை தாங்கலாம்? கோடைக் கோடு நீரைத் தொடும்வரை. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் அந்த 227 கோடிக்குப் பொருளே இல்லை. கப்பல் மூழ்கும்வரை ஏற்றிக்கொண்டே போகலாம். நாடுகள் தம் வலிமையைக் காட்ட எழுதும் எண்ணுக்கு அளவுகோல், மாலுமி உயிரோடு திரும்ப வேண்டும் என்று ஒரு நிலக்கரி வியாபாரி கேட்ட கோடு. எங்கள் குறிப்பேட்டிலும் அக்குறி அதே வேலையைத்தான் செய்கிறது. எல்லோரும் ஒப்பிய ஓர் எல்லையிலிருந்து அளக்காத எண் எண்ணே அன்று.

கோடு இருந்துவிட்டால் கடலில் சாவு இல்லை என்று எண்ண வேண்டாம். புயல் இருக்கிறது, தீ இருக்கிறது, மனிதனின் பேராசையும் இருக்கிறது. கோட்டைச் சரிபார்க்கத் துறைமுகத்தில் அதிகாரி வேண்டும். மீறினால் கப்பலை நிறுத்தத் துணிவும் வேண்டும். 1876-இல் நடந்தது போல, சட்டம் கோட்டை வரைந்துவிட்டு இடத்தை முதலாளியிடம் விட்டுவிடுவது எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியதே. பட்டம் பெற்று ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகப் போகிற நம்மில் பலர் மார்டெலின் இடத்தில் அமர்வோம். அட்டவணை வகுப்போம், சான்றிதழில் கையெழுத்திடுவோம். அந்தக் கோட்டுக்குக் கீழே யாருடைய தம்பி வேலை செய்கிறான் என்பதை அப்போது நாம் நினைக்க வேண்டும்.

என் தம்பிக்குச் சென்ற மாதம் கப்பல் கிடைத்தது. முதலாளி கிரேக்கர், கொடி லைபீரியாவுடையது, கப்பல் கட்டியது ஜப்பானில், மாலுமிகளில் பாதிப்பேர் நம்மவர்கள். அம்மா தொலைபேசியில் என்னிடம், இத்தனை நாட்டுக்காரர்களில் இவனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நேரான பதில் என்னிடம் இல்லை. அந்த வட்டத்தையும் கோட்டையும் பற்றிச் சொன்னேன். பிளிம்சாலின் கதையை முழுவதும் கேட்டார்கள். பிறகு, ஏறும்போது அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஏறும்படி அவனுக்குச் சொல்லிவிடு என்றார்கள். சொல்லிவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் ஏறினேன், கோடு தண்ணீருக்கு மேலே இருக்கிறது என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது.